தகாயமாவிலிருந்து வந்த சாம்பல்

ஜப்பானுக்குப் போய்விட்டு வந்த மனிதர் வாசற்படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டு, "கோமு, ஜலம் கொண்டா. எல்லாரும் தலைக்கு விட்டுக்கணும்" என்றார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு விட்டுக்கொள்ளச் சொன்னால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன். செம்பும் கையுமாக வெளியே வந்த கோமு, "ஏன்னா, யாருக்கு? யாருக்கு?" என்று இரண்டு தரம் கேட்டாள். பதில் தெரிந்தவள் கேட்கிற கேள்வி அது.

நான் ஜன்னலில் நின்றது தற்செயல். என் வீட்டு ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. அதற்கு வீடு கட்டினவனைத்தான் கேட்க வேண்டும்.

தொண்ணூற்றாறாம் வருஷம், கார்த்திகை மாதம். ஊர் கல்லிடைக்குறிச்சி. எதிர்வீட்டு ஹரிஹரசுப்பிரமணியன் அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை முகுந்தன், ஜப்பானில் நகோயா என்கிற ஊரில் மிஷின் செய்கிற கம்பெனியில் இன்ஜினீயர். தொண்ணூற்று மூன்றில் லீவில் வந்தான். இருபத்திரண்டு நாள் லீவு. ஐந்தாம் நாள் பெண் பார்த்தான், பன்னிரண்டாம் நாள் மஹாலக்ஷ்மிக்குத் தாலி கட்டினான், இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறினான். விசா வந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் வருஷம் மாதம் ஒரு கடுதாசி வந்தது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை. மஹாலக்ஷ்மி, இருபத்து நாலு வயசுப் பெண், மாமியாருக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டும் மாமனாருக்கு வேஷ்டி உலர்த்திக்கொண்டும் அங்கேயே இருந்தாள்.

மூன்று வருஷமாகத் தெருவில் பேச்சுக்குக் குறைவில்லை. பேசினவர்களில் நான்தான் முதல் என்று சொல்வார்கள். முதல் இல்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், அவ்வளவுதான். "இருபத்திரண்டு நாள் இருந்தவனைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியலையே, அவகிட்ட என்ன குறையோ" என்று ஒருதரம் குழாயடியில் சொன்னேன். தமாஷாகச் சொன்னதுதான். குடத்தோடு அவளே எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது தெரியாது.

முகுந்தனுடைய கம்பெனியிலேயே வேலை பார்க்கிற சுந்தர்ராமன் என்று ஒரு பையன். சொந்த வீடு திருநெல்வேலி டவுணில். அவன் ஆவணியில் வாத்தியாருக்கு ஒரு கடுதாசி போட்டான். முகுந்தன் கம்பெனியை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது, மலைக்குள்ளே தகாயமா என்கிற சின்ன ஊரில் இருக்கிறான், நீங்களே வந்து பேசினால்தான் உண்டு என்று. சேரன்மகாதேவிப் பக்கம் இருந்த கடைசி வயல் டிக்கெட்டாக மாறியது. வாத்தியார் குரங்குக் குல்லாயும் மப்ளரும் ஒரு டப்பா புளிக்காய்ச்சலுமாகக் கிளம்பினார். "கையோட கூட்டிண்டு வாங்கோ" என்றாள் கோமு. மஹாலக்ஷ்மி நிலைப்படிக்குள் நின்றாள். அன்று கண்ணுக்கு மை இட்டிருந்தாள். நான் பார்த்தேன்.

போனவர் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து தெருவில் நின்றுகொண்டு தலைக்குத் தண்ணீர் கேட்கிறார். மஹாலக்ஷ்மி இரண்டு நாளாகத் தன் அப்பா வீட்டில் இருந்தாள்; அன்று சாயங்காலம்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

முகுந்தன் போன மாசமே மலைப்பாதையில் பனியில் வழுக்கி விழுந்து போய்விட்டானாம். அந்த ஊர்க்காரர்களே எரித்துவிட்டார்களாம். அவர்கள் போட்ட தகவல் எங்கேயோ தவறிவிட்டதாம். இவ்வளவையும் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வாசல் வேப்பமரக் கிளையில் கட்டினார். சாம்பல். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதே. வெள்ளைத் தாளில், முனை முனையாக மடித்து, கல்யாணச் சீர் மாதிரி அழகாகக் கட்டியிருந்த பொட்டலம். ஜப்பான்காரன் இழவைக்கூட எவ்வளவு நேர்த்தியாக மடித்துத் தருகிறான் என்று நினைத்தேன். நினைக்கக் கூடாதுதான்.

செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து பத்து என்று சாஸ்திரிகள் கணக்குச் சொன்னார். பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, "அஸ்தி ஒண்ணும் தட்டுப்படலையே?" என்று கேட்டார்.

"அங்கே எல்லாம் மிஷின். எலும்பு மிஞ்சாது" என்றார் வாத்தியார்.

மிஷின் என்றதும் சாஸ்திரிகள் தர்ப்பையை எடுத்துக்கொண்டார். தாமிரபரணியில் கரைத்தார்கள். மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த இசக்கிச்செல்விக்கு ஒரே சந்தேகம்.

"மாமி, சப்பான்ல செத்தவுகளுக்கு இங்கன ஆத்துல தண்ணி விடுதாவளே, அது அங்கன போயிச் சேருமா?"

"ஆறு புன்னக்காயல்ல கடலோட சேர்றது. கடல் எல்லாம் ஒண்ணுதானேடி."

"அப்பம் நடுவுல புன்னக்காயல் மீனு குடிச்சிட்டா?"

"போடி, பாலை அளந்து ஊத்து."

அவள் போகும்போது எதிர்வீட்டைப் பார்த்து, "சின்னம்மா நெத்திதான் மாமி என் கண்ணுக்குள்ள நிக்குது. பத்தாம் நா அழிச்சிருவாவளோ?" என்றாள். அழிக்கப் போவது நான்தான். பத்தாம் நாள் விடியற்காலையில் கொல்லையில் உட்கார்த்தி, தாலியைக் கழற்றிப் பாலில் போடுவார்கள். சுமங்கலிகள் பார்க்கக் கூடாது. புருஷன் போனவள்தான் கழற்ற வேண்டும். எங்கள் தெருவில் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் புருஷன் போய்ப் பதினாறு வருஷம். இதுவரைக்கும் ஏழு பேருக்குக் கழற்றியிருக்கிறேன். கை நடுங்காது என்று எனக்கு ஒரு பெயர்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு என் வீட்டு டெலிபோன் அடித்தது. தெருவில் அப்போது டெலிபோன் உள்ள வீடு இரண்டே இரண்டு. பம்பாயில் இருக்கும் என் பிள்ளை, அம்மா தனியாக இருக்கிறாளே என்று வைத்துக் கொடுத்தது. அதனால் பாதித் தெருவுக்கு என் நம்பர்தான். யாருக்கு எங்கேயிருந்து என்ன சேதி வந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். அதற்காகக் கோபித்துக்கொள்கிறவர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும்.

"நீலா மாமியா? நான் முகுந்தன் பேசறேன்."

கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "எந்த முகுந்தன்?" என்றேன். என் குரலே எனக்குத் திரும்பி வந்து 'எந்த முகுந்தன்' என்றது.

"எதிராத்து முகுந்தன், மாமி. அப்பா நல்லபடியா வந்து சேர்ந்தாரான்னு கேக்கத்தான்."

"ஏண்டா, நீ செத்துப்போயிட்டியேடா! நாளைக்கு நோக்குப் பத்து!"

வேறு என்ன சொல்ல முடியும்? வாயில் வந்தது அதுதான்.

"யார் சொன்னா?"

"உங்கப்பாதான். பனியில விழுந்து போயிட்டேன்னு சொன்னார். சாம்பல் கொண்டுவந்து ஆத்துல கரைச்சாச்சு. உங்கம்மா ஒம்பது நாளாப் பாயை விட்டு எழுந்திருக்கலை. மஹாலக்ஷ்மிக்கு நாளைக்கு விடியக்காலம் தாலி..."

"ஓ" என்றான்.

"ஓன்னா என்னடா அர்த்தம்?"

"அப்பா அப்படிச் சொல்லிட்டாரா?" லைனில் ஒரே இரைச்சல். "சரி மாமி. ஒரு விதத்துல அதுவும்... அப்படியே இருக்கட்டும். நான் கூப்பிட்டேன்னு ஆத்துல சொல்ல வேண்டாம்."

வைத்துவிட்டான். அந்தக் குரலில் துக்கம் இல்லை. கோபம்கூட இல்லை. கூட்டமான பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவன் விடுவானே ஒரு மூச்சு, அதுதான் இருந்தது.

நேராக எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் வாய்க்குத் தெருவில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் மூன்றாம் வீட்டுப் பெண் யாருடனோ ஓடிவிட்டாள் என்று நான் சொல்லி, அவள் தென்காசியில் பல் பிடுங்கிக்கொண்டு வீங்கின கன்னத்தோடு மாலை வண்டியில் வந்து இறங்கினாள். சாட்சி இல்லாமல் நான் எதையும் சொல்ல முடியாது. சாட்சி ஒருவன்தான்: வாத்தியாரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கூட்டிக்கொண்டு வந்த சுந்தர்ராமன். வாத்தியாரோடு லீவில் வந்தவன், அவனும் அன்று ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய் விமானம் ஏறுகிறான் என்று கேள்வி.

புடவையை மாற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன். "மாமி, பைய ஏறுங்க. டவுணு எங்கயும் போயிராது, அங்கனதான் கெடக்கும்" என்றான் கண்டக்டர். அவனுக்கென்ன தெரியும்.

சுந்தர்ராமன் வீடு தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பையன் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் அல்வா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் யார் என்று புரியாமல் எழுந்தான்.

"கல்லிடைக்குறிச்சி. ஹரிஹரசுப்பிரமணியனுக்கு எதிராத்து மாமி. முகுந்தன் செத்துட்டான்னு வாத்தியார் சொல்லி, நாளைக்குப் பத்து. காலம்பற அவனே போன்ல பேசினான்" என்றேன்.

கையிலிருந்த டப்பாவைப் பெட்டிக்குள் வைக்கப் போனவன் வெளியே வைத்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

"மாமா என்ன சொல்லியிருக்கார்னு நேக்கு இப்பத்தான் தெரியும்" என்று ஆரம்பித்தான்.

நகோயாவிலிருந்து ரயில். இரண்டரை மணி நேரம் ஆற்றங்கரையோடு மலை ஏறுகிறது. வாத்தியார் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். பாபநாசத்துக்கு மேலே போகிற மாதிரியே இருக்கு என்று இரண்டு தரம் சொன்னாராம். ஊர் கைக்குள் அடங்குகிற ஊர். முன்னூறு வருஷத்து வீதிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கறுத்த மரவீடுகள், ஒட்டி ஒட்டி, வாசலில் மரக் கம்பி வைத்த அழி. வீட்டோரமாகச் சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. "நம்ம தெருதாண்டா இது. பெருக்கி வெச்சிருக்கான், அவ்வளவுதான்" என்றாராம் வாத்தியார். வேஷ்டிக்கு மேலே கம்பளிக் கோட்டும் குரங்குக் குல்லாயுமாக அவர் நடந்துபோக, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஊரை விட்டுவிட்டு இவரைப் படம் பிடித்தார்களாம்.

"வீடு எது?" என்றேன்.

"வீடு இல்லை மாமி, கடை. வாசல்ல தேவதாரு இலையை உருண்டையாக் கட்டிப் பந்து மாதிரித் தொங்கவிட்டிருப்பா. புதுச் சாராயம் இறக்கியாச்சுன்னு அடையாளம். அரிசியில காய்ச்சற சாராயம். முகுந்தன் குடித்தனம் பண்ற ஜப்பான் பொண்ணோட குடும்பத்துக்கு நூத்தைம்பது வருஷமா அதான் தொழில்."

"சிவ சிவா."

"முகுந்தன் நீலச் சட்டை போட்டுண்டு புட்டிக்கு லேபிள் ஒட்டிண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்னான். கை பூராப் பசை."

உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தார்களாம். அந்தப் பெண் டீ கொண்டுவந்தாளாம். வாத்தியார் குடிக்கவில்லை. அப்போது ஒரு குழந்தை வந்து, அந்த ஊர் வழக்கப்படி பாயில் மண்டியிட்டு, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்ததாம். பெண் குழந்தை. வாத்தியார் அதன் தலையில் கையை வைத்து, பழக்க தோஷத்தில், "தீர்க்க சுமங்கலியா இரு" என்று சொல்லிவிட்டாராம். சொன்ன பிறகுதான் கையை எடுத்தாராம்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"நாலு முடிஞ்சிருக்கும்."

நான் விரலை மடக்கினேன். கல்யாணமாகி மூன்று வருஷம். விரல் தப்பவில்லை. லீவில் வந்து, சொஜ்ஜி சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, தாலி கட்டினானே, அப்போதே அங்கே ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"மாமா ஒண்ணுதான் கேட்டார். 'உன் கையால அவளுக்கு ரெண்டு வரி எழுதிக் கொடு. வரமாட்டேன், உன் வழியைப் பாத்துக்கோன்னு எழுது. நான் அவளை அவ அப்பா ஆத்துல கொண்டுபோய் விட்டு, கோர்ட்டுக்கு வேணும்னாலும் நடக்கறேன்'னார். முகுந்தன் பேனாவை வாங்கிண்டான். அரைமணி நேரம் கையில வெச்சிண்டிருந்தான். எழுதலை. 'நீங்களே எதாவது சொல்லிடுங்கோப்பா'ன்னு திருப்பிக் கொடுத்துட்டான்."

"எதாவது!"

"மாமா பேனாவை ஜேபியில குத்திண்டு எழுந்துட்டார். மறுநாள் காலம்பற ஆத்தங்கரையில சந்தை. கிழவிகள் முள்ளங்கியும் ஊறுகாயும் வெச்சு வித்துண்டிருப்பா. மாமா குல்லாயைக் கழட்டி என் கையில கொடுத்துட்டுப் படியிறங்கி ஆத்துல இறங்கிட்டார். ஐஸ் மாதிரி ஜலம் மாமி. மூணு முங்கு. கிழவிகள் கூச்சல் போட்டா, ஒருத்தி துண்டைத் தூக்கிண்டு ஓடிவந்தா. நான் ஏதோ புண்ணிய ஸ்நானம்னு நினைச்சேன். அப்புறம் ரயிலுக்கு நேரம் இருக்குன்னு ஒரு பழைய வியாபாரி வீட்டைப் பார்க்கப் போனோம். ஜனங்க பார்க்கறதுக்குன்னே திறந்து வெச்சிருக்கா. கூடத்து நடுவுல குழி அடுப்பு, எப்பவும் கணகணன்னு இருக்கும். மாமா அது எதிர்ல உக்காந்துட்டார். 'சுந்தரா, இதுலேர்ந்து ஒரு பிடி சாம்பல் தருவாளான்னு கேளு'ன்னார். அந்த வீட்டு அம்மாளுக்கு ரொம்ப சந்தோஷம். இந்தியாவுல ஏதோ சம்பிரதாயம் போலன்னு நினைச்சுத் தாள்ல அழகா மடிச்சுக் கொடுத்தா."

யாரோ ஒரு ஜப்பான்காரன் குளிர் காய்ந்த அடுப்புச் சாம்பலுக்கு எங்கள் ஊரில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஊரில் வந்து இறங்கினபோது கன்னடியன் வாய்க்கால் பாலத்தில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது நாள் தாடி. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டவுணுக்குப் போயிருந்தியாமே நீலா."

"அல்வா வாங்க" என்றேன். கையில் அல்வா இல்லை.

"சுந்தரம் சொல்லிட்டானா?"

நான் தலையாட்டினேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கோமுவுக்குச் சொல்லாதே. செத்த பிள்ளைக்கு அழுது தீர்த்துடுவா. அப்பாகிட்ட 'எதாவது சொல்லிடுங்கோ'ன்னவனைப் பெத்தோம்னு தெரிஞ்சா அவளால தாங்க முடியாது."

"மஹாலக்ஷ்மிக்கு?"

"அவளைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்றார்.

நான் நம்பவில்லை. நேராக அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போனேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம். கடைசித் தடவையாகத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, இவ்வளவு பெரிய குங்குமம் வைத்து அவளைக் கூடத்தில் உட்கார்த்தியிருந்தார்கள். சுமங்கலிகள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கோமு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் மஹாலக்ஷ்மியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒரே மூச்சில் சொன்னேன்: "அவன் உசிரோட இருக்காண்டி. காலம்பற எங்கிட்டப் பேசினான். நாளைக்கு உன் கழுத்துல நான் கை வெக்க மாட்டேன்."

அவள் சுற்றும் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்கோ மாமி. அம்மாவுக்குக் கேக்கும்."

"நோக்குத் தெரியுமா?"

"இந்தாத்து அப்பா திருநெல்வேலி ஸ்டேஷன்லேர்ந்து நேர இங்க வரலை. முதல்ல எங்கப்பா ஆத்துக்கு வந்தார். நான் அங்கதானே இருந்தேன் அந்த ரெண்டு நாள். எங்கப்பா எதிர்லயே என்னைக் கேட்டார். உசிரோட இருக்கான், வேற குடும்பம், குழந்தை இருக்குன்னார். உள்ளதை ஊருக்குச் சொல்லட்டுமா, செத்துட்டான்னு சொல்லட்டுமா, உன் இஷ்டம்னார்."

"நீ இதையா சொன்னே?"

"எங்கப்பாவும் தலையைக் குனிஞ்சிண்டார் மாமி. எனக்குக் கீழ ரெண்டு பேர் இருக்கா கல்யாணத்துக்கு." புதுக் கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "செத்துட்டார்னா நீங்கள்லாம் என்ன கேப்பேள்? ஒண்ணும் கேக்க மாட்டேள். பாவம்பேள். விட்டுட்டுப் போயிட்டார்னா? எங்கிட்ட என்ன குறைன்னு கேப்பேள். மூணு வருஷமா அதைத்தானே கேட்டேள்."

கேட்டேள் என்று பொதுவாகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடி எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது.

"வக்கீல் இருக்கான், கோர்ட் இருக்கு. இது என்ன அந்தக் காலமா?"

"கோர்ட்லயும் அதைத்தான் கேப்பா. நாலு பேருக்கு முன்னால, எழுதி வெச்சிண்டு கேப்பா. என்னால முடியாது மாமி. நாளைக்கு நீங்களே கழட்டுங்கோ. உங்களுக்குக் கை நடுங்காதும்பா."

விடியற்காலை நாலரைக்குப் போனேன். கொல்லையில் அரிக்கேன் விளக்கு, ஒரு கிண்ணம், ஒரு மணை. என்னோடு இன்னும் இரண்டு பேர், என் மாதிரியே நெற்றி வெறிச்சோடினவர்கள். மஹாலக்ஷ்மி மணையில் உட்கார்ந்தாள். கோமு உள்ளே வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. பால் கொண்டுவர ஒருத்தி சமையலறைக்குப் போனாள். இன்னொருத்தி கிணற்றில் வாளியை இறக்கினாள். நான் அவள் பின்னால் உட்கார்ந்து பூவை எடுத்தேன். வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சரட்டு முடிச்சில் கை வைத்தேன். மூன்று வருஷத்து மஞ்சளும் எண்ணெயும் ஏறி முடிச்சு கல்லாகியிருந்தது.

"மாமி" என்றாள், தலையைத் திருப்பாமல். "அந்தக் குழந்தைக்கு என்ன வயசாம்?"

மாமனார் வயசைச் சொல்லவில்லை போலிருக்கிறது. கணக்கு வாத்தியார், சொன்னால் அவள் என்ன கணக்குப் போடுவாள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாலு என்று சொன்னால், அந்தப் பன்னிரண்டாம் நாள், அந்த மாலை, அந்த ஹோமப் புகை எல்லாமே நாடகம் என்றாகிவிடும். கட்டின நேரத்திலாவது ஒழுங்காகக் கட்டினான் என்று இருந்துவிட்டுப் போகட்டுமே. என் வாழ்க்கையில் இரக்கப்பட்டு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"ரெண்டு" என்றேன்.

என் விரலுக்கடியில் அவள் கழுத்து நரம்பு அடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ என்னைப் பார்த்தப்புறம்தான்" என்றாள்.

"என்னடி?"

"என்னோட இருபத்திரண்டு நாள் இருந்து பார்த்துட்டு, அப்புறம்தான் வேற ஆளைத் தேடிப் போயிருக்கார். குறை எங்கிட்டதான் மாமி."

நாலு என்று சொல்லியிருந்தால் குறை முழுக்க அவன் தலையில் விழுந்திருக்கும். மோசம் போனவள் என்று ஆகியிருப்பாள். வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவள் ஆகியிருக்க மாட்டாள். இல்லைடி, நாலு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பால் கிண்ணம் வந்துவிட்டது. வாளியும் மேலே வந்துவிட்டது. "நேரமாறது நீலா, விடியறதுக்குள்ள ஆகட்டும்" என்றாள் ஒருத்தி. முடிச்சு அவிழவில்லை. கத்தி கொண்டுவரச் சொல்லி அறுத்தேன். என் கை எவ்வளவு நடுங்கியது என்றால், தாலி கிண்ணத்தில் விழாமல் மணையில் விழுந்து உருண்டது. அதை மஹாலக்ஷ்மியே எடுத்துப் பாலில் போட்டாள்.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்ததும் போனேன். முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோமு குளிக்கப் போயிருந்தாள்.

"அந்தக் குழந்தைக்கு வயசு நாலுடி. நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்தாச்சு. உங்கிட்ட ஒரு குறையும் இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்மேல் அவளுக்குப் பிரியம்கூட இருந்தது அந்தப் பார்வையில்.

"எதுக்கு மாமி சிரமப்படறேள்?"

"சத்தியமா நாலுடி. சுந்தர்ராமன் அவன் வாயால சொன்னான்."

"அன்னிக்குக் கேட்டவுடனே ரெண்டுன்னேள். யோசிக்கவே இல்லை. நிஜம்னா அப்படித்தான் வரும். இது மூணு நாள் யோசிச்சுக் கொண்டுவந்திருக்கேள்."

"சுந்தர்ராமனுக்கு எழுதிக் கேளு. இல்லைன்னா உன் மாமனாரைக் கேளு."

"அவாளும் நாலுன்னுதான் சொல்லுவா" என்றாள். "எல்லாருமே நல்லவாதான்."

முறத்தை ஒருதரம் தட்டினாள். ஓரத்தில் ஒதுங்கிய கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

அடுத்த வாரம் முதல் அவள் குழாயடிக்கு வர ஆரம்பித்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. பெண்டுகள் குடத்தை நகர்த்தி அவளுக்கு முதல் இடம் கொடுத்தார்கள். பாவம் என்றார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, யார் காதிலும் விழாதபடி நான் மறுபடியும் சொன்னேன்: "நாலுடி."

"சரி மாமி" என்றாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு.